கதவு நல்ல கதவுதான், நிலைதான் அகன்றுவிட்டது

ஆடிப் பண்டிகை வாரத்தில் என் கிளினிக்குக்குக் கூட்டம் வராது. கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து முடித்த பிறகுதான் சேலத்துக்காரர்களுக்கு நெஞ்சு வலிக்கும். அதனால் இந்த முறை கடிதங்களைப் பொறுமையாகப் படிக்க முடிந்தது. பாதிக்கு மேல் ஒரே விஷயம்: இதயத் துடிப்பு ஒழுங்கில்லை, கூடவே வால்வு லீக். அம்மாப்பேட்டை வாசகிக்கு மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. கைத்தறி நெய்தவர். இரண்டு வருடமாக 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் மூச்சு வாங்குகிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். மைட்ரல், ட்ரைகஸ்பிட் இரண்டு வால்விலும் மிதமான லீக், இடது மேலறை 5.1 செ.மீ. என்று எழுதியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய எக்கோவில் லீக் என்ற பேச்சே இல்லை. இதயத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?
— வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: ஓட்டை இல்லை அம்மா. அந்த வார்த்தையை முதலில் வீட்டை விட்டுத் துரத்துங்கள். ஓட்டை என்றால் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் துளை. பெரும்பாலும் பிறக்கும்போதே இருப்பது. லீக் என்றால் கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் வைத்தியமும் வேறு, பயப்பட வேண்டிய அளவும் வேறு.

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. இடது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல். அதற்கு இரண்டு மடல், நம் பழைய வீட்டு இரட்டைக் கதவு மாதிரி. வலது பக்கம் ட்ரைகஸ்பிட், அதற்கு மூன்று மடல். ரத்தம் மேலிருந்து கீழே இறங்கும். கீழறை சுருங்கும் நேரத்தில் கதவு சாத்திக்கொள்ளும், ரத்தம் திரும்பி மேலே போகாது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இந்தத் திறப்பும் சாத்தலும் நடக்கிறது.

உங்கள் மாமியாருக்கு இதைச் சொல்வது சுலபம், அவர் தறியில் உட்கார்ந்தவர். மிதித்து, நாடாவை ஓட்டி, பலகையை இழுத்து அடிக்கிற சத்தத்தில் ஒரு சீர் இருக்கும். பழகாத பையன் தறியில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கூடத் தெரிந்துவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் எனக்குக் கேட்பது அந்தப் பையனின் தறிதான். மேலறைகள் சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்குகின்றன. மின் அலைகள் நிமிடத்துக்கு 350, சில சமயம் 600 வரை கூட ஓடும். நடுவில் உள்ள ஒரு முடிச்சு அவ்வளவையும் கீழே விடுவதில்லை, அதுவே பெரிய புண்ணியம். ஆனாலும் எதை விடும், எப்போது விடும் என்று ஒழுங்கில்லை. அதனால்தான் நாடி தாறுமாறு.

சரி, நடுங்குவது அறை, கதவு ஏன் ஒழுக வேண்டும்?

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. எங்களுக்குக் கொடுத்த வீடு மண்சுவர் வீடு, வாசலில் மட்டும் நல்ல தேக்கில் இரட்டைக் கதவு. ஒரு ஐப்பசியில் விடாத மழை. சுவர் ஊறி ஒரு பக்கம் சாய்ந்தது. அதற்கப்புறம் கதவைச் சாத்தினால் நடுவில் ஒரு விரல் இடைவெளி, அது வழியாக ராத்திரியெல்லாம் குளிர்காற்று. அப்பா கதவை மாற்றச் சொல்லி ஆசாரியைக் கூப்பிட்டார். அவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கதவுல ஒரு குத்தமும் இல்லீங்க, நிலைதான் அகண்டு போச்சு" என்றார். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். மருத்துவக் கல்லூரியில் கூட வால்வைப் பற்றி எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மாமியாருக்கு நடந்திருப்பதும் அநேகமாக அதுதான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடுங்கும் மேலறை தளர்ந்து பெரிதாகும். பெண்களுக்கு இடது மேலறையின் குறுக்களவு சாதாரணமாக 4 செ.மீ.க்குள் இருக்கும். அவருக்கு 5.1. அறை அகன்றால் கதவு மாட்டியிருக்கும் வளையமும் கூடவே அகலும். மடல்கள் மெலிதாக, நல்லபடியாகவே இருக்கின்றன, ஆனால் ஒன்றை ஒன்று எட்டவில்லை. வலது மேலறையிலும் இதே கதை. ட்ரைகஸ்பிட்டின் வளையம் இன்னும் சுலபமாக விரிந்து கொடுக்கும். அதனால்தான் இரண்டு வால்வும் ஒரே சமயத்தில் ஒழுக ஆரம்பித்திருக்கின்றன.

ஆனால் "அநேகமாக" என்று ஏன் போட்டேன்? கதை தலைகீழாகவும் நடக்கும். சிலருக்குக் கதவே முதலில் கெட்டுப்போயிருக்கும். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் மடல் தடித்துச் சுருங்கியிருக்கலாம், அல்லது மடலைப் பிடித்திருக்கும் நாண் அறுந்திருக்கலாம். ஒழுகும் ரத்தம் மேலறையை வீங்கவைத்து, அதனால் துடிப்பு கெடும். இன்னும் சிலருக்கு மாரடைப்பு வந்து கீழறை தளர்ந்து, அதனால் மடல்கள் கீழே இழுபட்டு ஒழுகும். மூன்றிலும் அறிக்கையில் 'மிதமான லீக்' என்ற ஒரே வரிதான் இருக்கும். வைத்தியமோ மூன்று விதம். ஆகவே மருத்துவரிடம் லீக் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "மடல் எப்படி இருக்கிறது? கீழறை எப்படி இருக்கிறது? எது முதலில் வந்தது?" என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விக்கு உங்கள் பீரோவில் கிடக்கும் பழைய எக்கோதான் சாட்சி. இரண்டு வருடம் முன்பு லீக் இல்லை, துடிப்புக் கோளாறு இருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை வைத்துத்தான் நான் நிலைப் பக்கம் சாய்கிறேன். புதுத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு பழையதைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் போடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. எக்கோ எடுத்த அன்று அவருக்கு மூச்சு வாங்கியது. உடம்பில் நீர் ஏறியிருந்து, நாடியும் 130, 140 என்று ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு லீக் அதிகமாகவே தெரியும். அதோடு, ஒழுங்கில்லாத துடிப்பில் ஒரு துடிப்பில் அளந்தது அடுத்ததில் பொருந்தாது. பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். கூட்டம் நிறைந்த இடங்களில் இது நடக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். நீர் பிரியும் மாத்திரையும் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையும் கொடுத்து, மூச்சு அடங்கிய பிறகு மறுபடி ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆபரேஷன் கடைசிப் படி. அதற்கு முன்னால் நிறையப் படிகள் இருக்கின்றன. ரத்தக் கொதிப்பு, தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம் இவற்றைச் சரிசெய்வது முதல் படி. அப்புறம், சீரான துடிப்பை மீட்க முடியுமா என்று பார்ப்பது. மாத்திரையால் முயலலாம், மயக்கம் கொடுத்து மின் அதிர்ச்சியால் முயலலாம், அல்லது கம்பி செலுத்திக் கோளாறான இடங்களைச் சுடும் 'அப்லேஷன்' இருக்கிறது. 2011-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, இப்படிச் சுட்ட பிறகு துடிப்பு சீராக நிலைத்தவர்களில் பெரும்பாலோருக்கு மேலறை சுருங்கி மைட்ரல் லீக்கும் குறைந்ததைக் காட்டியது. சுவரை நிமிர்த்தினால் கதவு தானாகச் சேர்ந்த மாதிரி. ஆனால் இதற்குக் காலம் முக்கியம். ஆடி மாதத்தில் ஆட்டைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள்: 1995-ல் நெதர்லாந்தில் வெள்ளாடுகளின் மேலறையைச் செயற்கையாக நடுங்கவைத்துப் பார்த்தார்கள். முதல் நாள் சில நொடியில் தானாக நின்ற நடுக்கம், சில வாரத்தில் நிற்கவே மாட்டேன் என்றது. கோளாறு தனக்குத் தானே பழகிக்கொள்கிறது. எனவே 'இன்னும் ரெண்டு வருஷம் பார்க்கலாம்' என்பது எல்லோருக்கும் நல்ல யோசனை இல்லை. இருதயத் துடிப்பைத் தனியாகப் பார்க்கும் நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் லீக் கடுமையாகி மூச்சு வாங்கினால், அப்போது வளையத்தை இறுக்கிக் கட்டும் அறுவை சிகிச்சை, அல்லது மார்பைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் மடல்களைக் கிளிப் போட்டுச் சேர்ப்பது பற்றிப் பேசலாம்.

மாமியார் கொலுசு போடுவாரா? நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. வலது பக்க லீக் அதிகமானால் சாயங்காலம் கால் வீங்கும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு கணுக்காலில் பள்ளம் பதிக்கிறதா என்று தினமும் பாருங்கள். காலையில் காப்பிக்கு முன் எடையும் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு மாத்திரை. துடிப்புக்கு மாத்திரை, லீக் பற்றிய பயம், எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எழுதவில்லை. நடுங்கும் மேலறையின் ஓரத்தில் காது மடல் போல ஒரு சின்னப் பை இருக்கிறது. ரத்தம் அதில் தேங்கி உறைந்து, ஒரு துண்டு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைப் போல ஐந்து மடங்கு. லீக்கால் அவருக்கு நாளைக்கே ஒன்றும் ஆகாது, இதனால் ஆகலாம். ஆஸ்பிரின் இதற்கு ஈடாகாது. கடிதம் கிடைத்ததும் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்து, மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வயது 44. வெள்ளிப் பட்டறையில் வேலை. பத்து வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாக அம்மா சொல்வார். இப்போது மைட்ரல் வால்வு நன்றாகவே சுருங்கி, லீக்கும் இருக்கிறது, துடிப்பும் ஒழுங்கில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. பெங்களூரில் இருக்கும் தம்பி, பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறச் சொல்கிறான். மாறலாமா? வார்ஃபரின் எலி மருந்து என்கிறானே, உண்மையா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: தம்பி சொன்ன இரண்டில் ஒன்று உண்மை, எலி மருந்து என்பது. 1920-களில் அமெரிக்க, கனடா பண்ணைகளில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி பனிப்புயலில், உறையாத ரத்தத்தைப் பால் கேனில் ஊற்றி எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகம் காரணத்தைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954-ல் மனிதர்களுக்கு. அளவுதான் வித்தியாசம். உப்புக்கும் அதே நியாயம்தானே.

புது மாத்திரைக்கு மாறுவது உங்களுக்கு ஆகாது. அம்மாப்பேட்டை அம்மாவுக்குப் புது மாத்திரை பொருந்தலாம், அவருக்குக் கெட்டது நிலை. உங்களுக்குக் கதவே கெட்டது, ருமாட்டிக் காய்ச்சல் மடல்களை ஒட்டவைத்துவிட்டது. உங்களைப் போன்றவர்களை வைத்தே செய்து 2022-ல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில், புது மாத்திரை சாப்பிட்டவர்களை விட வார்ஃபரின் வகை சாப்பிட்டவர்கள்தான் அதிகம் பிழைத்திருந்தார்கள். நாளைக்கு உலோக வால்வு வைத்தாலும் வார்ஃபரின்தான். அங்கே புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்த்து, ஆபத்து என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த மாதப் பரிசோதனையில் ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கிறதா என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று அதை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு மாதம் சாப்பிடாமல் இருந்து, மாமியார் வீட்டுக்குப் போய் ஒரே வாரத்தில் நாலு தடவை சாப்பிட்டால்தான் கணக்கு உதைக்கும். மூட்டு வலிக்கு மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கும் மாத்திரையும், பேர் தெரியாத சூரணமும் கீரையை விட மோசம்.

கேள்வி: எனக்கும் துடிப்புக் கோளாறு, வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும். மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது?
— வாசகர், ஓமலூர்

பதில்: ஒரு பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை. ஐ.என்.ஆர். சரியான அளவில் இருந்தால், பல் மருத்துவர் பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவு செய்யட்டும்.

நான் இதில் அடிபட்டவன். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பஸ் கண்டக்டர் இதே கேள்வியைக் கேட்டார். அப்போதெல்லாம் நிறுத்துவதுதான் வழக்கம், "நிறுத்திக்கோங்க" என்றேன். வெளியே அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எந்தத் தேதியில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னேனா என்று இன்றைக்கும் நினைவில்லை. சீட்டில் எழுதவில்லை, அது நிச்சயம். பல் ஆறியது. ஐந்தாவது வாரம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வலது கை விழுந்து, பேச்சும் போயிருந்தது. அவர் மனைவி அந்தப் பழைய சீட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும், ஆரம்பிக்கும் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுகிறேன். உங்கள் மருத்துவர் எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், லேசான மைட்ரல் லீக். பேரன் பேத்திகளோடு ஏற்காடு போகலாமா? மலை ஏறினால் வால்வு பாதிக்குமா?
— வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: தாராளமாகப் போங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. வீட்டில் ஒரு மாடி ஏறி மூச்சு வாங்காமல் பேச முடிகிறவருக்கு இது பொருட்டில்லை, லீக்கும் இதனால் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவில் உங்களுக்கு வரப்போவது வாந்தி, அதற்கு இதயம் காரணமில்லை. மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், டிக்கியில் போடும் பெட்டியில் வேண்டாம்.

ஒன்றே ஒன்று: கிளியூர் அருவிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நீங்கள் மேலேயே உட்காருங்கள். இறங்கும்போது எல்லோருக்கும் உற்சாகமாகத்தான் இருக்கும், திரும்பி ஏறும்போதுதான் தெரியும். படுத்தால் மூச்சு முட்டுகிறவர்களும், கால் வீக்கம் வடியாதவர்களும் இந்தப் பதிலைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: வயது 29. கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் 'ட்ரிவியல் டி.ஆர்.' என்று வந்திருக்கிறது. துடிப்பு, ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல். பத்து நாளாகத் தூக்கமில்லை.
— வாசகர், ஆத்தூர்

பதில்: தூங்குங்கள். டி.ஆர். என்பது ட்ரைகஸ்பிட் லீக், ட்ரிவியல் என்றால் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. ஆரோக்கியமானவர்களை வரிசையில் நிற்கவைத்து எக்கோ எடுத்தாலும் பெரும்பாலோருக்கு இந்த அளவு தெரியும்.

கேள்வி: வீட்டில் உள்ள பி.பி. மெஷினில் அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறது. மெஷின் கெட்டுவிட்டதா? அவருக்கும் துடிப்புக் கோளாறு உண்டு.
— வாசகர், குகை

பதில்: மெஷின் மேல் பழி போடாதீர்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தில் நிரம்பும் ரத்தத்தின் அளவு மாறுகிறது, அழுத்தமும் மாறும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். நாடித் துடிப்புக்கு மெஷினை நம்ப வேண்டாம். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான துடிப்புக்குத்தான் சரிவரும்.

கேள்வி: மாமனாருக்கு வால்வு லீக், கால் வீக்கம், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் தட்டுவடை செட் கேட்டு அடம் பிடிக்கிறார். என்ன செய்வது?
— வாசகி, அரிசிப்பாளையம்

பதில்: சேலத்தில் பிறந்தவரிடம் தட்டுவடை செட்டே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் மதியம் என்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இந்த நாலையும் எடுத்துவிட்டு, மோரில் உப்புப் போடுவதையும் நிறுத்துங்கள். அதையெல்லாம் விட்டுவிட்டாரென்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு செட், இரண்டு அல்ல. திங்கள்கிழமை காலை எடை பாருங்கள். ஏறியிருந்தால் அடுத்த ஞாயிறு அதுவும் கிடையாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.